ஷேர் ஆட்டோவில் உன் வைப்ரபோன்

அன்பு மருமகளுக்கு,

இதெல்லாம் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். மூன்று வயதில், சிற்பப் பட்டறையின் உளிச் சத்தத்துக்கு நீ டிபன் பாக்ஸில் தாளம் போட்டபோது நாலு சிற்பிகள் உளியைக் கீழே வைத்துவிட்டார்கள்.

உலோகப் பட்டைகளைத் தட்டி நீ வாசித்து அனுப்பிய வைப்ரபோன் பதிவை என் ஷேர் ஆட்டோவில் போட்டேன். பழகும் பிள்ளைகளுக்கானது என்று எழுதியிருந்தாய். வித்வான்களே திணறுவார்கள் என்றுதான் ஏறியவர்களிடம் நான் சொல்லிவைத்தேன்.

"இன்னா அண்ணாத்த, குல்பி வண்டி மாரி கீது?" என்று மீன்காரம்மா சிரித்தார். நீ காலால் பெடலை மிதித்து நீட்டிய அந்த நாதம் கரையாமல் நின்றபோது அவரும் முன்னால் சாய்ந்து காது கொடுத்தார்.

பின்சீட்டில் உன் அப்பா இருந்தார். நீ இசை படிக்கப் போன இந்த இரண்டு வருடமாக கோபத்தில் உன் பெயரையே சொல்லாதவர், தான் இறங்க வேண்டிய சதுரங்கப்பட்டினம் வந்தும் இறங்கவில்லை. "எம் பொண்ணா வாசிக்குது? இன்னொரு வாட்டி போடு மச்சான்" என்றார். கல்பாக்கம் வரை மறுபடி போட்டேன்.

பொங்கலுக்கு வந்துவிடு. நீ இல்லாமல் எனக்கும் பேச்சே வருவதில்லை.

இப்படிக்கு,
உன் மாமா

பி.கு.: உன்னிடம் பொய் நிற்காது. அவர் இறங்காமல் உட்கார்ந்திருந்தது சத்தியம். ஆனால் வாயே திறக்கவில்லை. அவர் கேட்டதாக எழுதியது நான் சேர்த்தது.