தண்ணீர் பிடிக்க எழுந்தவர்

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்த அன்பில் பொய் இல்லை. ஆனால் கோபத்தோடுதான் எழுதுகிறேன். நீங்கள் உயிரோடு இருந்திருந்தால் நேரிலேயே கத்தியிருப்பேன்.

புனேயில், நம் நிக்டி காலனியில் குழாய்த் தண்ணீர் விடிவதற்குள் வந்து நின்றுவிடும். அதைப் பிடிக்க, ஆலையில் ஷிப்ட் முடித்து வந்த களைப்பிலும், ராத்திரியே எழுந்துவிடுவீர்கள். எதிர்வீட்டு மராட்டிக்காரர் உங்களைப் ‘பானிவாலே அண்ணா’ என்றே கூப்பிடுவார். எங்களுக்காகத் தூக்கத்தைத் துறந்தவர் என்று பள்ளியில் இந்திக் கட்டுரை எழுதிப் பரிசு வாங்கினேன். படித்துக் காட்டியபோது ஏன் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள்?

நீங்கள் போன மறுவருடம் எனக்கு அது தொடங்கியது. கெட்ட கனவுகூட இல்லை. அசந்த தூக்கத்திலிருந்து யாரோ தூக்கி எறிந்ததுபோல் விழிப்பேன். நெஞ்சு தாறுமாறாக அடிக்கும், விரல்கள் மரத்துப்போகும். செத்துக்கொண்டிருக்கிறேன் என்று நிச்சயமாகத் தோன்றும். ஐ.டி. வேலைக்காக நான் தங்கியிருக்கும் மகர்பட்டாவில் என்னோடு அறையில் இருக்கும் பல்லவி இரண்டு முறை ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். இதயம் நன்றாக இருக்கிறது என்றார்கள். கடைசியில் மனநல மருத்துவர்தான் பெயர் சொன்னார். பானிக் அட்டாக். தூக்கத்திலும் வருமாம்.

அம்மாவிடம் சொன்னேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவள் நிமிரக்கூட இல்லை.

“இதுக்கா ஏட்டி டாக்டருக்கு அலையுத? உங்க அப்பாவுக்கும் இப்படித்தான். வேர்த்து விறுவிறுத்து எந்திச்சு உக்காந்துருவாவ. பொறவு எங்க தூங்க? குடத்தைத் தூக்கிட்டு வெளிய போயிருவாவ.”

“எங்ககிட்ட ஏம்மா சொல்லல?”

“பிள்ளையள்ட்ட சொல்லுத விஷயமாட்டி இது?”

சொல்கிற விஷயம் இல்லையா, அப்பா? மூக்கு யாருடையது, முன்கோபம் யாருடையது என்றெல்லாம் பேசித் தீர்த்த வீட்டில் இதற்கு மட்டும் ஏன் வாய் இல்லை? பைத்தியம் பிடிக்கிறதோ என்று படுக்கையைப் பார்த்தாலே பயந்து கிடந்தேனே, அந்த மாதங்களை யார் திருப்பித் தருவார்கள்? நீங்களும் குழாயடியில் தனியாக நடுங்கி நின்றிருக்கிறீர்கள். அதற்கும் சேர்த்துத்தான் கோபம்.

இப்போது ஒரு செய்தி. எனக்கு ரகு என்பவனைப் பேசியிருக்கிறார்கள். எனக்கும் பிடித்திருக்கிறது. அம்மா பாடம் சொல்லித் தருகிறாள்: “ராத்திரி முழிச்சா, அமெரிக்காவுலேருந்து ஆபீஸ் கால்னு சொல்லிரு. மொதல்ல தாலி ஏறட்டும்.” அடுத்த பொய் தயார், பார்த்தீர்களா?

போன ஞாயிற்றுக்கிழமை ரகுவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ராத்திரி அது வந்தால் விளக்கைப் போடுவேன், வெறுங்காலைத் தரையில் ஊன்றுவேன், மூச்சை நீளமாக வெளியே விடுவேன், ஏறியது இறங்கும் என்று எனக்கே சொல்லிக்கொள்வேன் என்றேன்.

“அரே, அப்போ நான் என்ன பண்ணணும்? முழிச்சிருக்கணுமா, தூங்குற மாதிரி நடிக்கணுமா?”

“முழிச்சிரு. கேள்வி கேக்காத.”

சிரித்தான். பிறகு, வீட்டில் பேசிவிட்டுச் சொல்வதாகச் சொன்னான். இன்னும் போன் வரவில்லை. அம்மா என்னோடு பேசுவதில்லை. அவர்கள் வேண்டாம் என்றால் அழுவேன், நன்றாகவே அழுவேன். ஆனால் சொன்னதைத் திரும்பப் பெற மாட்டேன்.

ஒன்று மட்டும் உறுதி அப்பா. எனக்கென்று ஒரு பிள்ளை பிறந்து, அதுவும் ஒருநாள் இப்படித் திடுக்கிட்டு எழுந்தால், பக்கத்தில் உட்கார்ந்து சொல்வேன்: “இது எனக்கும் வரும். உன் தாத்தாவுக்கும் வந்தது.” உங்களைக் கேட்காமலே சொல்வேன்.

கோபம் ஆறாத உங்கள் மூத்த மகள்,
வள்ளி