ரங்கம்மா வாசல் கழுவிய வெள்ளிக்கிழமை

என் கதீஜாவுக்கு ஸலாம். நீ இருக்கும் இடம் குளுகுளுவென்று இருக்கட்டும்.

இது நானே எழுதுவது. நம்ப மாட்டாய். நீ போன பிறகு, பெரியவர்களுக்குப் பள்ளிக்கூடத்தில் சாயந்திரம் எழுத்து சொல்லித் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் உட்கார்ந்தேன். ஒரு வரி முடிய ஒரு வெற்றிலை மெல்லும் நேரம் ஆகிறது. ஆனால் உன் பெயர் வந்தால் மட்டும் கை தானாக ஓடுகிறது.

பேரப்பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று நிலவறைக்குள் இறங்கித்தான் எழுதிப் பழகுகிறேன். புளி மூட்டைகளின் வாசம், மேலே கம்பி ஜன்னலில் இருந்து விழும் கொஞ்சம் வெளிச்சம். கடைசிக் கோடையில் வெக்கை தாங்காமல் நீ பாய் விரித்துப் படுத்திருந்தாயே, அந்த இடத்தில்தான் என் பலகை. சில நாள் எழுதிக்கொண்டே கண் அசந்துவிடும். விழித்ததும், மேலே அடுப்படியில் நீ நிற்கிறாய் என்று தோன்றும். அந்த நினைப்பு கலையாமல் இருக்க அசையாமல் கிடப்பேன்.

இந்த மார்கழியில் அந்த அறைக்கு ஆபத்து வந்தது. மழை நின்று நாளாகியும் கிழக்குச் சுவர் நனைந்தது. முதலில் ஒரு உள்ளங்கை அளவு ஈரம். பிறகு அது மேகம் போலப் படர்ந்து இறங்கியது. அடி மூட்டை ஒன்று கறுத்துப் போனது.

ராஜபாளையத்தில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் நம் சாகுலுக்கு, தெருமுனை பூத்தில் இருந்து போன் போட்டேன். வந்து சுவரைத் தட்டிப் பார்த்தான்.

"அத்தா, இது ஊத்துத் தண்ணி. நிக்காது. பொங்கல் கழியவும் ரெண்டு லாரி சரளையக் கொட்டி மூடிருவோம்."

"பொறவு நான் எங்கலே உக்காந்து எழுத?"

"மாடியில எழுதுங்க. காத்தாவது வரும். வீடு இறங்கிப் போச்சுன்னா எழுத்தையா கட்டிக்கிட்டு அழுவீங்க?"

அவன் சொன்னதில் தப்பில்லை. வீடு இறங்கிவிடும் என்ற பயம் எனக்கும் இருந்தது. ஆனால் நீ படுத்த இடத்தின் மேல் சரளையைக் கொட்டுவதை நான் எப்படி நின்று பார்ப்பேன்? பொங்கலுக்குள் அந்தத் தண்ணீர் வரும் வழியைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும் என்று இருந்தது.

சுவரைத் தொட்டு நாக்கில் வைத்தேன். நம் கிணற்றின் உப்பு அதில் இல்லை. தெருக்குழாயோ மேற்குப் பக்கம் போகிறது. பழைய கைலியால் சுவரைத் துடைத்துக் காயவிட்டு, எதிரே உட்கார்ந்து காவல் காத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை விடியல். கோயில் ஸ்பீக்கர் ஓய்ந்திருந்தது. அடுத்த வீட்டு ரங்கம்மா வாசல் கழுவும் சத்தம் கீழே இருந்த எனக்குக் கேட்டது. வாளித் தண்ணீர் சலீரென்று விழுகிறது. விளக்குமாறு சரக் சரக் என்று இழுக்கிறது. நான் பாதித் தூக்கத்தில் இருந்தேன். எல்லாம் அடங்கிய பிறகு, மூச்சு விடுகிற மாதிரி, சுவர் மேலிருந்து மெல்ல மெல்லக் கறுத்தது. அதைப் பார்க்க அழகாகக்கூட இருந்தது, கதீஜா. சனிக்கிழமை அவள் வெறுமனே தெளித்தாள், ஈரமும் கொஞ்சம்தான். செவ்வாய்க்கிழமை மறுபடி கழுவினாள், மறுபடி சுவர் முழுக்கத் தண்ணீர்.

வழி தெரிந்துவிட்டது. ஆனால் மார்கழி மாதத்தில் ஒரு பெண்ணிடம் போய், வாசல் கழுவாதே என்று எந்த வாயால் சொல்வது? போனேன். மொச்சை விலையைக் கேட்டேன். பேரன் படிப்பைக் கேட்டேன்.

"கூச்சோண்டி அண்ணே," என்று அவள் வீட்டுத் தெலுங்கில் உட்காரச் சொல்லி முக்காலியைத் தள்ளினாள். "மொச்ச வெல கேக்கவா வந்தீக?"

"சும்மாதாம்மா."

"சும்மா வாற மொகமா இது? சொவரு நனைஞ்சிருச்சாக்கும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஒனக்கு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? கார்த்திக முடியவும் கதீஜா வந்து பூசிட்டுப் போவா. இந்த வருசம் பூச ஆளு ஏது?"

அவள் வாசலை ஒட்டி, நம் சுவர் ஓரமாகவே ஓடும் வாறுகாலைக் காட்டினாள். கழுவிய தண்ணீர் அந்தக் கல் வாய்க்காலில்தான் தெருவுக்குப் போகிறது. கோடை வெயிலில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே பூச்சு வெடித்துவிடுமாம். வருசா வருசம் நீ சுண்ணாம்பையும் மணலையும் கருப்பட்டித் தண்ணீரில் குழைத்து எடுத்துப் போய் அடைத்திருக்கிறாய்.

"நான் பூசுறேம்னா விடமாட்டா. எங்க சொவரு, நாந்தான் பூசுவேன், நீ காப்பியப் போடும்பா. ஒன் மச்சான்ட்ட சொன்னியாட்டினு கேட்டேன். அவிய காதுல போட்டா கொத்தனாரு, பஞ்சாயத்துன்னு தெருவையே கூட்டிருவாக, ஒனக்கு மார்கழி மார்கழியா இருக்காதுன்னா."

குனிந்து ஒரு வெடிப்பை விரலால் தடவினாள். "இந்த வருசம் நானே பூசத்தான் சுண்ணாம்ப எடுத்தேன். கை ஓடல அண்ணே. ஒரு வருசம் தாங்காதான்னு வச்சிட்டேன்."

நம் நிலவறை காய்ந்து கிடப்பதைக் காட்டி, எங்க அத்தா கட்டின கட்டடம் என்று புளி வாங்க வருகிறவர்களிடம் எல்லாம் பெருமை அடித்தேனே. நீ பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாய். எப்படிச் சிரிப்பை அடக்கினாய்? ஒரு தடவையாவது சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லையா?

மறுநாள் நான் குழைத்து எடுத்துப் போனேன். ரங்கம்மா காப்பியோடு வந்து மேற்பார்வை பார்த்தாள்.

"கருப்பட்டி அம்புட்டுமா? எறும்புக்கு விருந்தா வைக்கீக?"

ஒவ்வொரு இடுக்காகச் சுரண்டி அடைத்துக்கொண்டே போனேன். கடைசிக்கு முந்தின இடுக்கில் மட்டும் பழைய பூச்சு கெட்டியாக இருந்தது. அதன் மேல், நீ விரலால் இழுத்து வழித்த கோடு அப்படியே இருந்தது. என் விரலை அதில் வைத்துப் பார்த்தேன். என் விரல் பெரிது, பாதிதான் பதிந்தது. அந்த இடத்தை நான் தொடவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை கீழே உட்கார்ந்திருந்தேன். வாளித் தண்ணீர் விழுந்தது. விளக்குமாறு ஓய்ந்தது. வெயில் கம்பி ஜன்னலுக்கு வரும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். சுவர் வெளுப்பாகவே நின்றது. பொங்கலுக்கு வந்த சாகுல் தடவிப் பார்த்துவிட்டு, "லாரி வேண்டாம்னு சொல்லிருதேன் அத்தா," என்றான். எப்படி நின்றது என்று கேட்டான். உன் அம்மாவைக் கேள் என்றேன். விழித்தான்.

இனிக் கார்த்திகை முடிந்தால் சுண்ணாம்புச் சட்டியோடு நான் போவேன். ரங்கம்மா தாராளமாக வாசல் கழுவட்டும். எல்லா இடுக்கையும் அடைப்பேன். நீ அடைத்ததை மட்டும், அது தானாக உதிரும்வரை, யாரையும் தொட விடமாட்டேன்.

இப்படிக்கு,
உன் பூச்சுக்குப் பக்கத்துப் பூச்சு பூசிய
உன் மச்சான்