ஆறிய கஞ்சியில் கலந்த பொடி

செவ்வாய், இரவு

வீட்டுக்காரருக்கு வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. டாக்டர் எழுதிய பொடி தீர்ந்துபோனதால் குன்னம் மருந்துக்கடைக்குப் போனேன்.

"எதுல கலக்கிக் குடுக்குறீங்க?" என்றாள் கடைக்காரப் பெண்.

"கொதிக்கிற கஞ்சியிலதான். வயசானவருக்குச் சில்லுன்னு குடுக்கலாமா?"

"அய்யோ, இதுல இருக்குறது நல்ல கிருமிங்கம்மா. உயிரோட வயித்துக்குள்ள போவணும். சூட்டுல செத்துரும்."

எனக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. புதுப் பொடியை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

பொழுது சாய்ந்ததும் கஞ்சியை நன்றாக ஆறவிட்டுப் பொடியைக் கலந்து கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டுத் தம்ளரைத் தள்ளினார்.

"என்னடி இது, பச்சத்தண்ணியாட்டம்? சுட வெச்சுக் குடு."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், வாயைத் திறக்கவில்லை. காலையிலிருந்து வெறும் வயிறு. கஞ்சியை மறுபடி அடுப்பில் ஏற்றினேன்.

கடைசிச் சொட்டுவரை குடித்தார்.