நீல மின்விசிறி எந்த வருடத்தது?

வகயாமா
4 ஜூலை 1984 (ஜப்பானிய ஆண்டு ஷோவா 59)

சுமியேவுக்கு,

தொலைபேசியில் என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய். அதனால் விரைவுத் தபால். ஒன்பது வருடம் எழுதாதவன் எழுதுகிறான் என்று கிழித்துவிடாதே. பிரிந்து போகும்போது நீ எடுத்துப்போன நீல மின்விசிறி இன்னும் ஓடுகிறதா? ஓடினால், எழுந்து போய் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வந்து மீதியைப் படி.

போன வாரம் இங்கே இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு எரிந்துபோயிற்று. வயதான தம்பதி. விசிறியைப் போட்டுவிட்டுப் பகலில் கண்ணயர்ந்தவர்கள், எழுந்திருக்கவே இல்லை. கருகிக் கிடந்த அதன் பீடத்தைப் பார்த்தேன். எங்கள் தொழிற்சாலைச் சரக்கு. நம்முடையதும் அதே மாதிரிதான். அடியில் ஒரு தகடு இருக்கும். அதிலுள்ள எண்ணை உடனே எழுது.

தோக்குஜி

கனசாவா
8 ஜூலை

அன்புள்ள உங்களுக்கு (வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை),

மகள் எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரி இல்லை. விசிறியின் நலம் விசாரித்திருக்கிறீர்கள். சிகாகே பிரசவத்துக்கு இங்கேதான் வந்திருக்கிறாள். ஆண் குழந்தை, பெயர் தைச்சி. நாற்பது நாள் ஆகிறது. அவன் தூங்குவதே அந்த விசிறிக் காற்றில்தான்.

பக்கத்து வீட்டு ஹிசானோவிடம் சொன்னேன். "அடியே, உன் வீட்டுக்காரருக்கு உன்னோட பேச ஒரு சாக்கு வேணும். அதுக்கு விசிறிதானா கிடைச்சுது!" என்று சிரித்தாள்.

தகட்டில் எழுத்தே இல்லை, துடைத்துத் துடைத்துத் தேய்ந்துவிட்டது. உத்தரவாத அட்டை இருக்கிறது. ஷோவா 44 என்று போட்டிருக்கிறது. பிளக்கைப் பிடுங்கித்தான் பார்த்தேன். பிள்ளை வியர்த்துக் கொட்டி வீறிட்டான். மறுபடி போட்டுவிட்டேன்.

சுமியே

வகயாமா
11 ஜூலை

சுமியே,

போடாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

அட்டையில் இருப்பது கடையில் விற்ற தேதி, செய்த தேதி இல்லை. கிடங்கில் இரண்டு மூன்று கோடை கிடந்துவிட்டு வரும் சரக்கு உண்டு. அந்த அட்டையை நம்பி நானும் ஏமாந்தேன். பொத்தான்கள் உலோகமா, பிளாஸ்டிக்கா? 42 வசந்தத்திலிருந்து பிளாஸ்டிக். உலோகம் என்றால் அதற்கு முந்தையது. பிளக்கைப் பிடுங்கி ஒரு நாள் முழுக்க விட்டுவிடு. பிறகு அடித்தட்டின் நான்கு திருகுகளைக் கழற்று. உள்ளே கட்டைவிரல் பருமனில் ஒரு தகர உருளை, கண்டன்சர். தொடாமல் பார். அதில் பதித்த எண்ணில் முதல் இரண்டு இலக்கம் வருடம், அடுத்தது மாதம். 41-இல் ஆறாம் மாதம் முதல் ஒன்பது வரை என்றால் அந்த விசிறியை வீட்டுக்குள்ளேயே வைக்காதே.

அந்த நான்கு மாதமும் மலிவான கண்டன்சர் போட்டார்கள். பரிசோதனை மேசையில் நான்தான். கொஞ்ச நேரம் ஓடினாலே கை வைக்க முடியாத சூடு. மேற்பார்வையாளரிடம் சொன்னேன். "கோடை முடியறதுக்குள்ள சரக்கு வெளியே போகணும். உனக்கு வேலை வேணுமா வேணாமா? முத்திரையைக் குத்துய்யா" என்றார். குத்தினேன். மூவாயிரம் விசிறி. அதற்குப் பிறகுதான் வீட்டில் வாய் திறக்காதவன் ஆனேன்.

தோக்குஜி

கனசாவா
15 ஜூலை

உங்களுக்கு,

பொத்தான்கள் உலோகம். நான்கு திருகுகளையும் கழற்றினேன். கண்டன்சர் ஒரு பக்கம் உப்பி, தார் மாதிரி ஏதோ ஒழுகிக் காய்ந்திருந்தது. சுற்றியுள்ள தகடு கருகியிருந்தது. எண் 41, 8.

சிகாகே அதைப் பார்த்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மழையில் வெளியே ஓடினாள். "அம்மா, அப்பாவுக்கு இது தெரியுமா? தெரிஞ்சுமா இத்தனை வருஷம் சும்மா இருந்தாரு?" என்று அங்கிருந்தே கத்தினாள்.

எங்கள் விசிறியை வீட்டைவிட்டு அகற்றியாயிற்று. மற்றதெல்லாம்? அந்த வீடுகளில் தூங்கும் பிள்ளைகளுக்காக யார் அடித்தட்டைக் கழற்றிப் பார்ப்பார்கள்? எனக்கு எழுதினீர்கள். வேறு யாருக்கு எழுதினீர்கள்?

சுமியே

வகயாமா
27 ஜூலை

சுமியே,

தீயணைப்பு அலுவலகத்துக்குப் போய் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். "நீங்களும் மாட்டுவீங்க பெரியவரே, தெரிஞ்சுதான் கையெழுத்துப் போடறீங்களா?" என்று அதிகாரி கேட்டார். தெரியும் என்றேன். அந்தக் காலத்துப் பதிவேடு எதுவும் இல்லை என்கிறது தொழிற்சாலை. எண்ணை எப்படிப் பார்ப்பது என்று செய்தித்தாளில் போட்டார்கள். இதுவரை பத்தொன்பது பேர் கழற்றிப் பார்த்துச் சொன்னார்கள். ஐந்து பேருடையது அந்த நான்கு மாதத்துச் சரக்கு. மீதி எங்கே, எந்த அறையில் ஓடிக்கொண்டிருக்கின்றன? தீயணைப்பு வண்டியின் சத்தம் கேட்டால் எந்தத் தெரு என்று வாசலுக்கு ஓடிப் பார்க்கிறேன்.

ஆகஸ்ட் பத்தாம் தேதி விசாரணை. பயமாக இருக்கிறது. சிறையை நினைத்து இல்லை. செத்துப்போன அந்தத் தம்பதியின் மகன் வருகிறானாம்.

தோக்குஜி

கனசாவா
1 ஆகஸ்ட்

உங்களுக்கு,

உங்கள் பெயரை எடுத்தால் சிகாகே எழுந்து போய்விடுகிறாள். நான் அவளை வற்புறுத்த மாட்டேன்.

நீங்கள் பேசாமல் உட்கார்ந்திருந்த வருடங்களில், வேறொருத்தி இருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் எப்படி இருப்பாள் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். முத்திரை குத்திய அன்றே வந்து சொல்லியிருந்தால் நானும் உங்களோடு சேர்ந்து பயந்திருப்பேன். திட்டியுமிருப்பேன்.

பத்தாம் தேதி காலை ரயிலில் வருகிறேன். அந்த மகனிடம் என்ன சொல்லப் போகிறீர்களோ, அதை எனக்குக் கேட்கும்படி சொல்லுங்கள். சாயந்திர ரயிலில் திரும்பிவிடுவேன்.

சுமியே