மாறிப்போன வாக்குத்தத்தம்

பிரியமுள்ள அக்கா,

இந்த ஆகஸ்டோடு நீ போய் ஒரு வருடம். நம் சபையின் மாத மடலுக்கு உன்னைப் பற்றி ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். அவளைப் பற்றி எழுத எனக்கு வராது, அவளுக்கு எழுதச் சொன்னால் எழுதுகிறேன் என்றேன். சரி என்றார்கள். மற்றவர்களும் படிப்பார்கள், படிக்கட்டும்.

எதை எழுதினாலும் முதலில் குறிப்புப் போட்டுக்கொள்வது என் வழக்கம் என்று உனக்குத் தெரியும். கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்து வந்த பழக்கம் ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. இதற்கும் போட்டிருக்கிறேன்.

1. போன வருடம் புது வருடத்தன்று நான் செய்த தவறு.
2. அந்தத் தவறினால் எனக்குக் கிடைத்தது.
3. அதே தவறினால் நீ இழந்தது.
4. வீட்டுச் செய்திகள்.

போட்ட பிறகு, நாலாவதிலிருந்து தொடங்கலாமே என்று தோன்றுகிறது. கஷ்டமானதைக் கடைசிக்குத் தள்ளுகிற பழைய புத்திதான். நீயாக இருந்தால், "சுத்தி வளைக்காதடா, விஷயத்துக்கு வா" என்பாய். ஒரு நிமிடம் பொறு.

வாடகைக்கு எடுத்த உன் ஆஸ்பத்திரிக் கட்டிலை அவர்களே வந்து எடுத்துப் போய்விட்டார்கள். அந்த அறையில் உன் மகள் எஸ்தர் இப்போது பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாள். சேலையூர் தெருவில் மழைநீர் வடிகாலுக்குத் தோண்டினார்கள், பாதி மூடினார்கள். கேம்ப் ரோடு சிக்னலைக் கடக்க இன்னும் எனக்குத் துணை வேண்டியிருக்கிறது. ஜெபக்கூட்டத்தில் உன் நாற்காலியில் யாரும் உட்காருவதில்லை. யாரும் சொல்லி வைக்கவில்லை, அதுவாகவே அப்படி ஆகிவிட்டது.

இனி முதல் குறிப்பு.

புது வருடத்தன்று ஆராதனை முடிந்ததும் வாசலில் தட்டில் வாக்குத்தத்த அட்டைகள் வைப்பார்கள். ஆளுக்கு ஒரு மடித்த அட்டை, உள்ளே ஒரு வேதவசனம். ஜெபித்து எடுக்க வேண்டும். கையில் வருவதே அந்த வருடத்துக்கு ஆண்டவர் நமக்குத் தரும் வாக்கு. இது உனக்குத் தெரியாததல்ல, மடலை எடுத்துப் பார்க்கும் வெளியாருக்காகச் சொல்கிறேன்.

அதற்கு முந்தைய அக்டோபரில்தான் நீ குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாய். ஆகவே அந்த முறை உனக்கும் சேர்த்து நான் எடுக்க வேண்டியிருந்தது. நள்ளிரவு ஆராதனைக்கு எனக்குக் கண் விழிக்க முடியாது என்பதால் காலை எட்டு மணி ஆராதனைக்குப் போனேன்.

தட்டை வைத்திருந்த அம்மா, "ஒருத்தருக்கு ஒண்ணுதான் சார்" என்றார்.

"எங்க அக்காவுக்கும் வேணும். படுக்கையில இருக்காங்க."

"தங்கம் சிஸ்டருக்கா? முதல்ல சொல்லக் கூடாதா? எடுங்க எடுங்க, பின்னாடி எத்தனை பேர் நிக்கிறாங்க பாருங்க."

உன்னை நினைத்து ஜெபித்து ஒன்று எடுத்தேன். எனக்காக ஒன்று எடுத்தேன். இரண்டும் ஒரே நிறம், ஒரே அளவு. மாறிவிடக் கூடாதே என்று செருப்பு விடும் இடத்தில் ஒதுங்கி நின்று, சட்டைப் பையிலிருந்த பென்சிலால் முதல் அட்டையின் பின்புறம் "அ" என்றும் இரண்டாவதின் பின்புறம் "த" என்றும் எழுதிக்கொண்டேன். அ அக்காவுக்கு. த தம்பிக்கு.

முப்பது வருடத்துக்கு மேல் புத்தகங்களுக்கு எழுத்தும் எண்ணும் போட்டவன் நான். ஒரு புத்தகமும் இடம் மாறியதில்லை. அன்று மாறியது.

உன் அறைக்கு வருவதற்குள் தலைக்குள் வேறு வரிசை வந்து உட்கார்ந்துவிட்டது. நோயாளிகளுக்காக ஜெபித்தபோது போதகர் "தங்கம் அம்மாள்" என்று வாசித்தது காதில் நின்றிருக்க வேண்டும். அட்டைகளை எடுத்தேன். அ என்றிருந்தது, அருள், ஆகவே என்னுடையது. த என்றிருந்தது, தங்கம், ஆகவே உன்னுடையது. ஒரு கணமும் சந்தேகம் வரவில்லை. எதற்கெடுத்தாலும் சந்தேகப்படுகிறவனுக்கு அன்று பார்த்து வரவில்லை.

உன் கைக்கு வந்தது காத்திருக்கச் சொல்லும் வசனம். கண்ணாடியைப் போட்டு வாசித்தாய். பின்புறம் திருப்பிப் பார்த்தாய்.

"இது எனக்காடா?"

"ஆமாக்கா."

"சரி. காத்திருன்னு சொல்றவர் வராம இருந்துடுவாரா? உனக்கு என்ன வந்திருக்கு, படி."

எனக்கு வந்தது எழுந்து போகச் சொல்லும் வசனம். போகிற இடத்தில் கூட இருப்பேன் என்கிற வாக்கும் அதிலேயே இருந்தது. வாசித்தபோது என் குரல் இறங்கிவிட்டது.

"அப்ப கெளம்பு" என்றாய்.

"எங்கக்கா?"

"ஏன், அமெரிக்காவுக்கா? சிறுசேரிக்குத்தான். பாஸ்போர்ட் எடுத்து விசா வாங்கிட்டா போகணும்? ரெண்டு பஸ் மாறினா உன் மவன் வீடு."

என் மகன் ஜோயல் அதற்கு நாலு வருடத்துக்கு முன் திவ்யாவைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டான். அவள் நம் சபைப் பெண்ணல்ல, இந்துக் குடும்பம். அழைப்பிதழை நேரில் கொண்டுவந்து கொடுத்தான். நான் போகவில்லை. அவன் சண்டையும் போடவில்லை, அதன் பிறகு வரவும் இல்லை. கேட்டவர்களிடமெல்லாம் நான் ஒரே பதிலைச் சொல்லிவந்தேன்: காத்திருக்கிறேன், ஆண்டவர் அவனைத் திரும்பக் கொண்டுவருவார். கேட்டவர்கள் ஆமென் என்றார்கள். நீ மட்டும் சொன்னதில்லை.

அந்த அட்டைக்குக் கீழ்ப்படிய எனக்கு இரண்டு வாரம் ஆனது. இரண்டாவது சனிக்கிழமை கிளம்பினேன். மேடவாக்கம் போய், சோழிங்கநல்லூர் போய், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. பெரும்பாக்கம் தாண்டிச் சதுப்பு நிலத்தில் நாரைகள் நின்றன. இறங்கித் திரும்பிவிடலாமா என்று மூன்று முறை யோசித்தேன். சட்டைப் பையில் அட்டை இருந்தது.

அடுக்குமாடி வாசலில் காவலாளி ஒரு நோட்டை நீட்டினார். "யார் வூட்டுக்கு சார்? பேர் எழுது, நம்பர் எழுது. அப்பால இன்னா உறவுன்னு ஒரு கட்டம் கீது பாரு, அதையும் எழுதிடு."

அந்தக் கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. பிறகு "அப்பா" என்று எழுதினேன்.

அவர் எட்டிப் பார்த்தார். "அப்பாவா? நாலு வருசமா இங்கதான் நிக்கிறேன், ஒன்னைப் பாத்ததே இல்லியே சார்."

நோட்டை அவரிடமே நீட்டிவிட்டு உள்ளே நடந்தேன்.

கதவைத் திறந்தது திவ்யா. நான் அறிவில்லாமல், "ஜோயலோட அப்பா" என்று என்னை அறிமுகம் செய்துகொண்டேன். "தெரியும் அங்கிள்" என்றவள், உடனே திருத்திக்கொண்டு, "உள்ள வாங்க மாமா" என்றாள். உள்ளே ஜோயல் காதில் ஹெட்போனோடு கம்ப்யூட்டர் முன்னால் இருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்தான், உட்கார்ந்தான், மைக்கை மூடிக்கொண்டு, "அப்பா, கால்ல இருக்கேன்ப்பா. முடிச்சிட்டு வந்துடறேன். போயிடாதீங்க" என்றான்.

போயிடாதீங்க என்றான், அக்கா.

முக்கால் மணி நேரம் அந்த சோபாவில் உட்கார்ந்திருந்தேன். காத்திருக்கிறேன் என்று நாலு வருடம் சொல்லித் திரிந்தவன் உண்மையாகக் காத்திருந்தது அந்த முக்கால் மணி நேரம்தான் என்று நினைக்கிறேன். திவ்யா காபி கொண்டுவந்தாள். சர்க்கரை போடலாமா என்று கேட்டாள். ஜோயல் வந்து, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டான். அவ்வளவுதான் நடந்தது. அது போதுமாக இருந்தது. அதிலிருந்து அவர்கள் மாதம் ஒரு சனிக்கிழமை வருகிறார்கள். முதல் முறை வந்தபோதே உன் கட்டிலருகே உட்கார வைத்து, திவ்யாவின் பிறந்த வீட்டு வரலாறு முழுவதையும் கேட்டு வாங்கிவிட்டாய். நாலாவது குறிப்பில் சேர்க்க வேண்டிய செய்தி ஒன்று: அவளுக்கு இது ஏழாம் மாதம்.

இது இரண்டாவது குறிப்பு. இங்கேயே நிறுத்தினால் சபையில் எழுந்து சொல்ல நல்ல சாட்சியாக இருக்கும். மூன்றாவது குறிப்புக்காகத்தான் இந்தக் கடிதமே.

அந்த வருடம் பெரிய வெள்ளி ஆராதனை முடிந்து கஞ்சி கொடுக்கும்போது, உப்புப் போடுவதற்கு முன் உனக்கு ஒரு தூக்குவாளியும், உப்புப் போட்டதும் எனக்கு ஒன்றும் வாங்கினேன். உனக்கு உப்பு ஆகாது. மாறக் கூடாதே என்று மூடிகளில் சாக்பீஸால் அ, த என்று எழுதினேன். கஞ்சி ஊற்றியவர் மூடியைப் பார்த்தார்.

"இன்னா சார், அ-ன்னா அருள் சாருக்கா? உப்பு இல்லாம நீ எப்பிடி குடிப்பே?"

"இல்லப்பா. அ அக்காவுக்கு. த தம்பிக்கு, அதாவது எனக்கு."

"அருளுக்கு த-வா! நல்லாக் கீது சார் ஒன் கணக்கு!"

பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். ஜனவரியில் எழுதிய அ-வும் த-வும் அப்போதுதான் என் கண்முன் வந்து நின்றன. எழுந்து போ என்ற வாக்கு உன்னுடையது. காத்திரு என்ற வாக்கு என்னுடையது.

வாளிகளை எடுத்துக்கொண்டு உன்னிடம் வந்தேன். கஞ்சி குடித்துவிட்டு, "உப்பில்லாட்டியும் நல்லாத்தாண்டா இருக்கு" என்றாய். சொல்லவில்லை. அடுத்த வாரமும் சொல்லவில்லை.

ஏன் என்றால், மார்ச்சில் பிசியோதெரபிப் பெண் உன்னை வாக்கரைப் பிடித்து நிற்க வைத்தாள். நாலு அடி வைத்தாய். கதவு வரை இன்னும் ஓர் அடி. "இன்னிக்கு இது போதும்மா, காத்திருக்கத்தான் சொல்லியிருக்கு" என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டாய். பிறகு காய்ச்சல் வந்தது. அப்புறம் நிற்கவே முடியவில்லை. உனக்கு வந்த வாக்கு உன் கையிலேயே இருந்திருந்தால் அந்த ஐந்தாவது அடியை வைத்திருப்பாயா? கோவிலுக்கு ஒரு முறையாவது நடந்து வந்திருப்பாயா? உன்னுடையதைத் தெரியாமல் எடுத்துப் போய் அதில்தான் நான் என் மகனைத் திரும்பப் பெற்றேனா? ஜோயல் வாசலில் வண்டியை நிறுத்தும் ஒவ்வொரு சனிக்கிழமையும் சந்தோஷத்தோடு இதுவும் சேர்ந்து வரும். யாரிடம் கேட்பது?

இதுவரை எழுதி முடித்தது நேற்று. மடலுக்குக் கொடுப்பதற்கு முன் எஸ்தரிடம் காட்டி அனுமதி வாங்குவதுதான் முறை என்று இன்று காலை எடுத்துப் போனேன். டியூஷன் அறையில் உட்கார்ந்து படித்தாள். பாதியில் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளோ என்று பார்த்தேன். சிரிக்கிறாள்.

"மாமா, அம்மாவுக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"கார்டு மாறினது. அன்னிக்கே தெரியும். நீங்க தெருமுனை தாண்டல, என்னைக் கூப்பிட்டுக் காட்டினாங்க. 'பின்னாடி பாருடி, த-ன்னு போட்டிருக்கான். பொறந்ததுலேர்ந்து என்னை அக்கான்னுதான் கூப்பிட்டிருக்கான். மனசுக்குள்ளகூட தங்கம்னு நெனச்சிருக்க மாட்டான். த-ன்னா அது தம்பிதான். மாத்திக் குடுத்துட்டுப் போறான் பாரு'ன்னாங்க."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"'சொன்னா உடனே மாத்திக்குடுத்துட்டு, காத்திருன்னு வந்துடுச்சின்னு இன்னொரு நாலு வருஷம் உக்காந்துடுவான். போயிட்டு வரட்டும். நான் படுத்த எடத்துலேர்ந்தே நாலு பேரை விரட்டிக்கிட்டுதானே இருக்கேன், எனக்கு எதுக்கு எழுந்து போ?'ன்னு சொன்னாங்க."

"அந்த அஞ்சாவது அடி?"

"மாமா, அன்னிக்கு அவங்களுக்கு வலி உயிர் போச்சு. கார்டு எதுவா இருந்தாலும் உக்காந்திருப்பாங்க."

நான் போய்விட்டு வந்த பிறகாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். எஸ்தர் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

"அவங்க உங்களுக்காகக் காத்துக்கிட்டிருந்தாங்க மாமா. பெரிய வெள்ளிக்கு அப்புறம் தினமும் வந்து ஏதோ சொல்ல வாயைத் திறப்பீங்களாம். அப்புறம், 'இன்னிக்கு மழை வருமாக்கா?'ன்னு கேப்பீங்களாம். நான் போட்டு உடைச்சுடவான்னு கேட்டேன். 'வேண்டாண்டி, அவனா சொல்லட்டும். காத்திருன்னுதானே போட்டிருக்கு, காத்திருக்கேன்'னாங்க."

சித்திரையில், வெயில் கொளுத்தும்போது, மழை வருமா என்று கேட்டிருக்கிறேன். நீயும், "வரும்டா, வரும்" என்று சொல்லியிருக்கிறாய்.

வீட்டுக்கு வந்து இதைத் தொடர்ந்து எழுதுகிறேன். வருத்தம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். நாலு மாதம் நீ எனக்காகக் காத்திருந்தாய், நான் வந்து சேரவில்லை. ஆனாலும் மத்தியானம் சாப்பாடு இறங்கியது, அக்கா. நன்றாகவே சாப்பிட்டேன்.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். ஜோயலிடம் நான் இன்னும் சொல்லாதது ஒன்று உண்டு. அவன் கல்யாணத்துக்கு நான் போகாதது விசுவாசத்தினால் அல்ல, சபையில் நாலு பேர் என்ன பேசுவார்களோ என்ற பயத்தினால்தான். அவன் இதுவரை கேட்டதில்லை. அவனும் உன்னைப் போலவே காத்திருக்கிறானோ என்னவோ. வருகிற சனிக்கிழமை, காபி வருவதற்கு முன்னாலேயே, திவ்யாவும் கேட்கும்படி அவனிடம் சொல்லிவிடுகிறேன். மழையைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

மூன்றாவது குறிப்பு தவறு. அதை அடித்துவிட்டு வேறு என்ன எழுதுவது என்று யோசித்துப் பார்த்தேன், தெரியவில்லை. அப்படியே விட்டுவிடுகிறேன். நான் தவறாக எழுதினேன் என்பது எல்லோருக்கும் தெரியட்டும்.

உன் கூடப்பிறந்தவன்,
அருள்