அப்பாவின் மெஷின் ஓடிய தாளம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முதுகுவலி குறைந்ததா? அம்மா கண்ணுக்கு மருந்து ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறாளா?

ஒரு சின்ன விஷயம் நடந்தது, அம்மாவிடம் சொல்ல வேண்டாம். போனில் பிரேக்பீட் செய்கிறேன் என்றேனே, டிரம்ஸ் சத்தத்தைத் துண்டு துண்டாக வெட்டி, முன்பின்னாக மாற்றி ஒட்டுவது. நேற்று சலவைக்கூடத்தில் துணி பிழியும் மெஷினின் சத்தத்தை அதற்காகப் பதிவு செய்தபோது சூப்பர்வைசர் பார்த்துவிட்டார். அங்கே போனை வெளியே எடுக்கவே கூடாது. ஆபீசுக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

“யாருக்கு அனுப்ப எடுத்தே?”

“யாருக்கும் இல்ல சார். பாட்டுக்குத்தான்.”

“இதுல என்னம்மா பாட்டு? போடு, கேப்போம்.”

அதுவரை ஒட்டி வைத்திருந்த பாட்டைப் போட்டேன். முழுவதும் கேட்டார்.

“டகடகன்னு ஓடுதே, அது நம்ம மெஷின் இல்லையே?”

“எங்கப்பாவோட தையல் மெஷின் சார். ஊர்லேருந்து கிளம்பறப்போ எடுத்தது.”

வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

“எது எதுன்னு எனக்குத் தெரியாது. மொத்தத்தையும் அழிச்சிட்டு வேலையப் பாரு.”

அவர் கண்ணெதிரே எல்லாவற்றையும் அழித்தேன். வேலை தப்பியது, கவலைப்படாதீர்கள்.

எனக்காக ஒன்று செய்யுங்கள். அடுத்து ரவிக்கை தைக்கும்போது தம்பியின் போனில் சத்தம் பதிவாகும்படி போட்டு மெஷின் பக்கத்தில் வைத்து, அதை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். நடுவில் இருமல் வந்தால் நிறுத்திவிடாதீர்கள். அம்மா சாப்பிடக் கூப்பிட்டால் அதுவும் இருக்கட்டும்.

ஷிப்டுக்கு மணி அடிக்கிறது, ஓடுகிறேன்.

உங்கள் சின்னவள்