ஊறுகாய் பாட்டிலில் விழுந்த ஓட்டுகள்

என் செல்வி அக்காவுக்கு,

நீ போன பிறகு உனக்குச் சொல்லும்படி என்னிடம் ஒரு நல்ல சேதியும் இருக்கவில்லை. இப்போது இருக்கிறது. பழி தீர்த்துவிட்டேன், அக்கா.

புனே பக்கம் நாம் இருந்த தாபோடிப் பள்ளிக்கூடத்தில் நீ ஐந்தாம் வகுப்புத் தலைவர் தேர்தலில் நின்றாயே, ஞாபகம் இருக்கிறதா? ஓட்டுக்குப் புளியங்கொட்டை, பெட்டிக்குப் பால்பவுடர் டின். உன் டின்னில் குடைப் படம். பேட்டையே சாகேப் என்று கும்பிடும் பெரியமனிதரின் இளைய மகன் டின்னில் பந்துப் படம். என் வகுப்பிலிருந்து நழுவி வந்து, வெளியே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.

டீச்சர் இரண்டு டின்களையும் எட்டிப் பார்த்தாள். எண்ணவே இல்லை. அப்படியே ஜன்னலுக்கு வெளியே கவிழ்த்தாள். "மதராஸிப் பெண் பேச்சை யார் கேட்பார்கள்? பந்துதான் ஜெயித்தது" என்றாள் மராத்தியில். கொட்டையெல்லாம் என் தலையில் விழுந்தது.

நீ அழவில்லை. அதற்கப்புறம் வகுப்பில் கை தூக்கவும் இல்லை. "போனாப் போவுது, விடுடி. அவங்க ஊரு, அவங்க ராஜ்ஜியம்" என்றாள் அம்மா. பதினேழு வயதில் மஞ்சள்காமாலை உன்னைக் கொண்டுபோனது. வாழ்நாளில் நீ போட்ட ஒரே ஓட்டு அதுதான். அதையும் கொட்டிவிட்டார்களே, பாவிகள்!

தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். தெய்வத்துக்கு ஆயிரம் வேலை. அதனால் நானே நின்றேன். டீச்சர் பயிற்சி முடித்து, அதே பள்ளிக்கூடத்தில் வேலை வாங்கினேன். உன் டின்னைக் கவிழ்த்த அந்த டீச்சர்தான் இப்போது தலைமையாசிரியை. சாகேப் பள்ளிக் கமிட்டித் தலைவர். அவருடைய மூத்த மகனின் பிள்ளை என் வகுப்பில்!

போன வாரம் தேர்தல் வைத்தேன். ஓட்டுக்கு அதே புளியங்கொட்டை. டின் கிடையாது. அம்மாவின் கண்ணாடி ஊறுகாய் பாட்டில்கள் இரண்டு. பேரனுக்கு ஒன்று, கட்டட வேலைக்கு வந்தவர்களின் மகள் சங்கீதாவுக்கு ஒன்று. என் பழைய புடவையைத் திரையாகக் கட்டி, அதன் பின்னால் பிள்ளைகளை ஒவ்வொருவராக ஓட்டுப் போடச் சொன்னேன். பேரன்தான் ஜெயிப்பான் என்று சாகேப் பேடா இனிப்பு டப்பாவோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். பெற்றவர்களும் வந்திருந்தார்கள்.

புடவையை விலக்கினேன். சங்கீதாவின் பாட்டில் கழுத்து வரைக்கும் இருந்தது. பேரனுடையதில் அடி மறையவில்லை.

"ஏதாவது செய். சாகேப் பார்க்கிறார்" என்று தலைமையாசிரியை என் காதைக் கடித்தாள்.

செய்தேன். நிறைந்த பாட்டிலைச் சாகேப் கையிலேயே கொடுத்து, எல்லோருக்கும் காட்டச் சொன்னேன். சங்கீதாவுக்கு அவரையே பேட்ஜ் குத்த வைத்தேன். அவர் கொண்டுவந்த டப்பாவைப் பிரித்து முதல் பேடாவை அவளுக்கு ஊட்டினேன். பேரன் கைதட்டிக்கொண்டே, "தாத்தா, நானும் அவளுக்குத்தான் போட்டேன்" என்றான். அப்போது அவர் முகம் போன போக்கைப் பார்க்க நீ இல்லாமல் போனாயே! எனக்கு வயிறு குளிர்ந்தது.

மறுநாள் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டாள். "எங்கள்மேல் உனக்கு என்ன பகை?"

"செல்வி" என்றேன்.

"எந்தச் செல்வி?"

நடிக்கவில்லை, அக்கா. அவளுக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை. இத்தனை வருஷம் நான் யாரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்?

அதனால் பழி தீர்த்துவிட்டேன் என்று மேலே எழுதியதை அடித்துவிடு. இன்று காலை அந்த நிறைந்த பாட்டிலில் குடைப் படம் ஒட்டி அவள் மேஜையில் வைத்திருக்கிறேன். அவள் எடுத்தால் திரும்ப வைப்பேன். உன் பெயர் அவள் வாயில் தானாக வரும் வரை மன்னிக்க மாட்டேன். இது சத்தியம்.

தலையில் விழுந்த கொட்டைகளை இன்னும் தட்டிவிடாத
உன் தங்கை